முட்டைக்கு ரெண்டு ஷிப்டு

கம்பெனியில் மெர்சிக்கு 'டவுட்டு' என்று பெயர். வைத்தவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. சாத்திய கதவை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போவாள். அங்கே நின்று யோசிப்பாள். திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பாள். கேஸை அணைத்தோமா, ஐ.டி. கார்டு பையில் இருக்கிறதா என்று பஸ் ஏறும் வரைக்கும் அவள் கை எதையாவது தடவிக்கொண்டேயிருக்கும்.

ஆனால் அதே கம்பெனியில் அவளுக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்ததும் இந்தச் சந்தேகம்தான். காருக்குள் ஓடும் வயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து அனுப்புகிற கம்பெனி அது, ஒரகடத்தில். வயரின் முனையைக் கனெக்டருக்குள் தள்ள வேண்டும். 'க்ளிக்' என்று சத்தம் கேட்க வேண்டும். பிறகு லேசாக இழுத்துப் பார்க்க வேண்டும். தள்ளு, கேளு, இழு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லித்தருகிற மந்திரம் இதுதான். லைனில் டார்கெட் துரத்தும்போது பாதிப் பேர் இழுப்பதை விட்டுவிடுவார்கள். மெர்சி மட்டும் ரெண்டு தடவை இழுப்பாள். அவள் கையைத் தாண்டிப் போன வயர் குறை என்று திரும்பி வந்ததில்லை என லைன் லீடர் வானமாமலையே நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார்.

அவள் புருஷன் சாம்சன் வேறு ரகம். எதையும் யோசிக்கும் முன்னால் கை போய்விடும். மிக்சி ஓடவில்லை என்றால் திருகாணியைக் கழற்றிவிட்டுத்தான் பிளக் போட்டிருக்கிறதா என்று பார்ப்பான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கண்ணாடி கம்பெனியில் அவனுக்கு வேலை. அங்கே அவனுக்கு நிரந்தரமாக செகண்ட் ஷிப்டு, இவளுக்கு ஜெனரல். அதாவது, இவள் காலையில் கிளம்பும்போது அவன் போர்வைக்குள் இருப்பான். இவள் சாயங்காலம் வரும்போது வீடு பூட்டியிருக்கும். அவன் நடுராத்திரி தாண்டி வரும்போது இவள் தூங்கிப் போயிருப்பாள். இந்தப் பக்கத்து வீடுகளில் ஒரு சட்டம் உண்டு: ஷிப்டு முடிந்து வந்து தூங்குகிறவரை, வீடு பற்றி எரிந்தாலொழிய எழுப்பக்கூடாது. அந்தச் சட்டத்தை ரெண்டு பேரும் ஒழுங்காகக் கடைப்பிடித்ததில், ஒருவர் முகத்தை ஒருவர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில்தான் முழுசாகப் பார்த்துக்கொண்டார்கள். மீதி நாளெல்லாம் அவர்கள் குடும்பம் நடத்தியது வாய்ஸ் மெசேஜில். கம்பெனி கேட்டிலேயே போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் ரெண்டு பேருமே உள்ளே போக வேண்டும். ஆகவே காலையில் அவள் பேசியதற்குப் பதில், சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்து காதில் வைத்தால்தான் கிடைக்கும்.

வடக்குப்பட்டில் அவர்கள் குடியிருந்த வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் காலி மனை, அதற்கப்புறம் ஒரு குடோனின் மதில். அந்த மனையில் விடுவதற்கென்று வாலாஜாபாத் சந்தையில் மெர்சி ஒரு சாம்பல் நிறப் பெட்டைக் கோழி வாங்கி வந்தாள். முட்டைக்கு என்று சாம்சனிடம் சொன்னாள். உண்மையில் முட்டைக்கு இல்லை. சாயங்காலம் கதவைத் திறந்தால் வீட்டில் ஒரு சத்தமும் இருக்காது. ஏதாவது ஒரு உயிர் கொக்கரித்துக்கொண்டு காலைச் சுற்றி வந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் முட்டைக்கு என்று சொல்லி வைத்தாள்.

கோழி அடையில் உட்கார்ந்தது. நாள் வந்ததும் குஞ்சுகள் பொரிந்தன. வியாழக்கிழமை காலையில் மெர்சி எழுந்து பின்பக்கம் போனபோது, கோழி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு முருங்கை மரத்தடியில் கிளறிக்கொண்டிருந்தது. அடை வைத்த கூடையில் ஒரே ஒரு முட்டை மிச்சம். கூமுட்டை என்று நினைத்தாள். அதை எடுத்துக் குப்பைக்குக் கொண்டுபோகும்போது உள்ளங்கையில் என்னவோ தட்டியது. காதருகே வைத்தாள். உள்ளேயிருந்து 'கீச்' என்றது.

முட்டையின் அகலமான பக்கத்தில் ஒரு மிளகு அளவுக்கு ஓடு நொறுங்கியிருந்தது. அந்தப் பொத்தலில் அலகு நுனி வந்து வந்து போனது. இன்னும் கொஞ்சம் அசட்டையாக இருந்திருந்தால் ஒரு உயிரைக் குப்பையில் போட்டிருப்பாள். கோழியைப் பிடித்து வந்து முட்டைமேல் உட்கார வைத்தாள். கோழி எழுந்து போய்விட்டது. மறுபடி பிடித்து வந்தாள். கையைக் கொத்திவிட்டு மறுபடி போய்விட்டது. அதற்கு வெளியே வந்த பிள்ளைகள்தான் பிள்ளைகள், உள்ளே இருக்கிற பிள்ளையைப் பற்றி அதற்கு ஒரு நினைப்பும் இல்லை.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சாம்சனுடைய சேஃப்டி ஷூ வந்த அட்டைப்பெட்டி பரணில் இருந்தது. அதில் பழைய துணியைப் பரப்பி முட்டையை வைத்து, மேலே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டாள். தூங்குகிறவனை எழுப்பலாமா என்று ஒரு நிமிஷம் கட்டில் ஓரத்தில் நின்றாள். வீடு பற்றி எரியவில்லையே என்று பஸ்ஸுக்கு ஓடினாள். ஓடிக்கொண்டே போனில் பேசினாள்.

"சாம், பல்புக்கு கீழ பொட்டியில ஒரு முட்டை கீது. உள்ள குஞ்சு உசுரோட கீது. அதுவா ஒடச்சிகினு வரும். நீ கைய வெக்காத. உன் புத்தி எனக்குத் தெரியும். தொடாத, இன்னா?"

தொடாதே என்று அவ்வளவு உறுதியாகச் சொன்னவளுக்கு, தொடக்கூடாது என்பது நிச்சயமாகத் தெரியுமா என்றால் தெரியாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அன்னக்கிளியிடம் கேட்டாள். அன்னக்கிளி கம்பெனி கேன்டீனில் வேலை செய்கிறவள், வீட்டில் ஆடு, கோழி எல்லாம் உண்டு. தொடவே கூடாது என்றாள் அவள். கஷ்டப்பட்டு வெளியே வந்தால்தான் அதற்குக் காலில் பலம் வருமாம், மனுஷன் உரித்துவிட்ட குஞ்சு எழுந்து நிற்காதாம். மெர்சி நிம்மதியாகப் போனைத் திறந்து யூடியூபில் பார்த்தாள். ஒரு ஆள் அன்னக்கிளி சொன்னதையே சொன்னான். அடுத்த வீடியோவில் இன்னொரு ஆள், சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் உள்ளே இருக்கிற தோல் காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்ளும், மூச்சு முட்டிச் செத்துவிடும், உடனே உதவுங்கள் என்று கையில் ஒரு குஞ்சை வைத்துக்கொண்டு சொன்னான். ரெண்டு பேருமே முப்பது வருஷமாகக் கோழி வளர்க்கிறவர்களாம். கேட் வந்தது, போனை லாக்கரில் வைத்தாள்.

டீ நேரத்தில் வானமாமலை அகப்பட்டார். நாங்குநேரிப் பக்கத்துக்காரர். கோழி என்றதும் மனுஷனுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"அத அப்படியே வுட்டா செத்துல்லா போயிரும். எங்கம்மைல்லாம் நகத்த வச்சு லேசா கீறி வுட்ருவா. ஆனா ஒண்ணு, ரத்தம் வந்துட்டுன்னு வையி, அதோட முடிஞ்சுது."

கீற வேண்டும், ரத்தம் வரக்கூடாது. எப்போது கீறினால் ரத்தம் வராது என்று கேட்டால், அது அம்மைக்குத்தான் தெரியும் என்றார். அம்மை போய் வெகுகாலம் ஆகிவிட்டது. அன்றைக்கு மெர்சி ஒவ்வொரு வயரையும் மூன்று தடவை இழுத்தாள். அவளுடைய லைன் பின்தங்கியது.

சாயங்காலம் போன் கைக்கு வந்ததும் முதல் வேலையாகச் சாம்சனுடைய மெசேஜைக் கேட்டாள். "சரிபா. தொடல. நல்லாத்தான் கத்திகினு கீது" என்றிருந்தது. வீட்டுக்கு வந்து பெட்டியைப் பார்த்தவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மிளகு அளவு இருந்த பொத்தல் ஒரு வேர்க்கடலை அளவுக்குப் பெரிதாகியிருந்தது. அதுவாகவே உடைத்துக்கொண்டு வருகிறது. அன்னக்கிளி சொன்னதுதான் சரி, தான் சொன்னதுதான் சரி. காபி போட்டு எடுத்துக்கொண்டு வந்து பெட்டியருகே தரையில் உட்கார்ந்தாள்.

குஞ்சு கத்தியது. மெர்சி, "இன்னாடா தங்கம், வா வா" என்றாள். அது பதிலுக்குக் கத்தியது. வெகுநாளைக்குப் பிறகு அந்த வீட்டில் சாயங்கால வேளையில் யாரோ யாருடனோ பேசினார்கள்.

ஆனால் பொத்தல் அதற்குமேல் பெரிதாகவில்லை. சோறு வடித்தாள், வந்து பார்த்தாள். குழம்பைச் சூடாக்கினாள், வந்து பார்த்தாள். அலகு அதே இடத்தில் திறந்து திறந்து மூடியது. ஓட்டுக்கு உள்பக்கத்துத் தோல் வெங்காயச் சருகு மாதிரி காய்ந்திருந்தது. ரெண்டாவது யூடியூப்காரன் ஞாபகம் வந்தது. பஞ்சை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துத் தோல்மேல் ஒற்றினாள். ஒற்றுவது தொடுவது ஆகாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

பொத்தலின் ஓரத்தில் ஒரு துண்டு ஓடு பாதி பெயர்ந்து நின்றது. அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். எப்படி நடந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. விரல் தானாகப் போய் அந்த ஓட்டை லேசாக இழுத்துப் பார்த்தது. தினமும் ஆயிரக்கணக்கான தடவை செய்கிற வேலை, பிடித்திருக்கிறதா இல்லையா என்று பார்க்கிற அதே இழுப்பு. துண்டு கையோடு வந்துவிட்டது. அதோடு ஒட்டிக்கொண்டிருந்த இன்னொரு துண்டும் வந்தது. முட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ரத்தம் இல்லை. அந்த ஓட்டுத் துண்டுகளைப் புடவை முந்தானையில் முடிந்து, பிறகு அது அசிங்கமாகத் தோன்றி, எடுத்துக் குப்பையில் போட்டாள். ஊருக்கெல்லாம் தொடாதே என்று சொல்லிவிட்டுத் தொட்டவள் யார் என்று கேட்டால் இதோ இவள்தான்.

படுப்பதற்கு முன் புருஷனுக்கு மெசேஜ் போட்டாள். நல்லா வருது, நான் பார்க்க மட்டும்தான் செய்தேன், நீயும் வந்து சும்மா பார்த்துவிட்டுப் படு என்று.

வெள்ளிக்கிழமை காலையில் கண் விழித்ததும் பெட்டியிடம் ஓடினாள். ஓடு பாதி வட்டத்துக்கு விட்டுப் போயிருந்தது. உள்ளே ஈர மயிரும் ஒரு சிறகு நுனியும் தெரிந்தன. ராத்திரி முழுக்க இந்தச் சின்ன உயிர் தனியாகப் போராடியிருக்கிறது என்று நினைக்க அவளுக்குக் கண் கலங்கியது. கட்டிலில் சாம்சன் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். அவன் தொடாமல் இருந்ததற்காக அவன்மேல் அவளுக்குத் திடீரென்று பாசம் பொங்கியது. போர்வையை இழுத்துவிட்டுக் கிளம்பினாள்.

பஸ்ஸில் அன்னக்கிளியிடம் பெருமையாகச் சொன்னாள். அன்னக்கிளி முகம் சுருங்கியது. நேற்றுக் காலையிலிருந்தா, இன்னுமா வரவில்லை என்று கேட்டாள். அவ்வளவு ஓடு உடைந்த பிறகும் காலை உதைத்து வெளியே வராமல் கிடந்தால் அதற்கு முடியவில்லை என்று அர்த்தம் என்றாள். அப்போ உதவலாமா என்று மெர்சி கேட்டாள். ஐயோ, தொடக்கூடாது என்றாள். அப்போ என்ன செய்வது? ஒன்றும் செய்யக்கூடாது, ஆனால் சும்மாவும் விடக்கூடாது. அன்னக்கிளியின் வைத்தியம் இதோடு முடிந்தது.

மெர்சி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். காலையில் அது கத்திய சத்தம் நேற்றைவிடச் சன்னமாக இருந்ததோ? இருந்தது. இல்லை, பல்பு சூட்டில் தூங்கியிருக்கும். இல்லை, சன்னமாகத்தான் இருந்தது. பஸ் ஒரகடம் மேம்பாலத்தை நெருங்கும்போது அவள் எழுந்து டிரைவரிடம் போய் நிறுத்தச் சொன்னாள். கம்பெனி பஸ்ஸில் நடுவழியில் இறங்கினால் அன்றைக்கு லீவு, அதுவும் சொல்லாத லீவு. சேர்ந்த நாளிலிருந்து அவள் அப்படி ஒரு லீவு போட்டதில்லை. இறங்கி நின்ற பிறகு, ஏன் இறங்கினோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. வீட்டுக்குப் போய் என்ன செய்யப் போகிறாள்? தொடப் போகிறாளா, தொடாமல் பார்க்கப் போகிறாளா? கன்டெய்னர் லாரிகள் புழுதியை வாரி அடித்துக்கொண்டு போயின. ஒரு ஷேர் ஆட்டோவைப் பிடித்தாள்.

கதவு தாழ் போடாமல் சாத்தியிருந்தது. தட்டாமல் தள்ளித் திறந்தாள்.

சாம்சன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். இடது உள்ளங்கையில் முட்டை. வலது கையில் மெர்சி புருவம் எடுக்கிற இடுக்கி. மூக்கு முட்டையைத் தொடுகிற அளவுக்குக் குனிந்திருந்தான். நிமிர்ந்து பார்த்தவன் பேய் அறைந்தவன் போலானான். இடுக்கி நுனியில் ஓட்டுத் துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும்போதே, "நான் ஒண்ணும் பண்ணலபா" என்றான்.

சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். மெர்சிக்கு ஆத்திரம்தான் வந்தது. அவள் வாயிலிருந்து வந்ததையெல்லாம் இங்கே எழுத வேண்டியதில்லை. நேற்றும் தொட்டாயா என்று கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். நேற்றுக் காலையில் கண் விழித்ததிலிருந்து அது கத்திக்கொண்டேயிருந்தது, தனியாக வீட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை, கொஞ்சம்தான் எடுத்தேன் என்றான். சரிபா, தொடல என்று சொன்னாயே, அது பொய்தானே என்றாள். பொய்தான் என்றான்.

அப்போதுதான் அவள் பார்த்தாள். சிறகுக்குப் பக்கத்தில் தோலில் ஒரு குண்டூசித் தலை அளவுக்கு ரத்தம். வானமாமலை சொன்னது காதில் ஒலித்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். குஞ்சு கத்தியது, இந்தத் தடவை நிஜமாகவே சன்னமாக.

சாம்சன் முட்டையை அவள் பக்கம் நீட்டினான். எதையும் கேட்காமல் கழற்றுகிறவன் அவளைக் கேட்டான். "நீயே சொல்லு மெர்சி. எடுக்கவா, வுடவா? நீ இன்னா சொல்றியோ அதான்."

வுடு என்றாள். அவன் இடுக்கியைக் கீழே வைத்தான். இல்லை, எடு என்றாள். அவன் எடுத்தான். இரு என்றாள். எடுத்தால் ரத்தம் போய்ச் செத்துவிடும். விட்டால் தோல் இறுகிச் செத்துவிடும். எது செய்தாலும் செய்தது நாம்தான் என்று ஆகிவிடும். வேறு யாராவது சொல்லிவிட்டால் தேவலை. ஆனால் சொன்னவர்கள் எல்லாரும் சொல்லியாகிவிட்டது, ஒருவர் சொன்னதும் இன்னொருவர் சொன்னதோடு ஒட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கேட்கிற கர்த்தரிடமும் கேட்டுப் பார்த்தாள்.

கடைசியில், முடிவு என்று சொல்ல முடியாத ஒரு முடிவுக்கு வந்தார்கள். நனைத்த துணியால் முட்டையைச் சுற்றினாள். ரத்தம் நின்றிருக்கிறதா என்று கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தார்கள். நின்றிருந்தது. ஒரு துண்டு எடுத்தான். மறுபடி சுற்றினாள். மறுபடி பார்த்தார்கள். அவன் கையில் முட்டை, அவள் கையில் துணி. ஒருவர் மூச்சு ஒருவர்மேல் படுகிற நெருக்கத்தில் உட்கார்ந்திருந்தும் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. சாம்சனுடைய கம்பெனி பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அவன் நிமிரவில்லை. வெயில் உச்சியிலிருந்து இறங்கியபோது கீழ்ப்பாதி ஓட்டிலிருந்து ஈரப் பிண்டமாக அது துணியில் சரிந்தது. மூச்சு விட்டது. செத்துவிடும் செத்துவிடும் என்று ரெண்டு பேரும் பார்த்துக்கொண்டேயிருக்க, சாயங்காலத்துக்குள் காய்ந்து மஞ்சளாகப் பஞ்சு பூத்துத் தலையைத் தூக்கியது. எழுந்து நிற்கப் பார்த்தது. அப்போதுதான் தெரிந்தது, வலது கால் உள்பக்கமாக மடங்கியிருந்தது.

"பாத்தியா," என்றாள் மெர்சி. "நான் சொன்னேன்ல."

சாம்சன் குஞ்சைத் தூக்கிப் பல்புக்குக் கீழே வைத்தான். தாய்க்கோழி அந்தக் குஞ்சைச் சேர்த்துக்கொள்ளாமல் கொத்தித் துரத்தியது. ஆகவே அது வீட்டுக்குள்ளேயே வளர்ந்தது. காலையில் சாம்சன் எழுந்ததும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டீக்கடை வரை போவான். சாயங்காலம் மெர்சி வந்ததும் அது ஒற்றைக் காலில் எம்பி எம்பி ஓடிவரும். அந்த எம்பலைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சு எரியும். யார் கேட்டாலும், எங்க வூட்டுக்காரர் அவசரப்பட்டு உரித்துக் காலை இப்படி ஆக்கிவிட்டார் என்று சொன்னாள். அன்னக்கிளியிடம் சொன்னாள், வானமாமலையிடம் சொன்னாள், சர்ச்சு வாசலில் சாம்சன் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னாள். அவன் காதில் விழாத மாதிரி குஞ்சுக்குப் பையில் இடம் சரிசெய்துகொண்டு நின்றான். சொல்லும்போதெல்லாம் அவள் விரல் பெயர்த்த அந்த ரெண்டு துண்டு ஓடு ஞாபகம் வரும். அது வேறு, இது வேறு என்று தள்ளிவிடுவாள்.

ஊரில் கோழிகளுக்கு ஊசி போட வந்த கால்நடை டாக்டரம்மாவிடம் ஒரு சனிக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினாள். நடந்ததைச் சொன்னாள். டாக்டரம்மா காலைப் பிடித்து நீட்டிப் பார்த்தாள்.

"உரிச்சதால வந்ததுன்னு ஏன் நினைக்கிறீங்க? முட்டைக்குள்ளயே கால் இப்படி இருந்திருக்கலாம். காலை ஊனித்தான் அது உள்ள சுத்திச் சுத்தி ஓட்டை உடைக்கும். ஊன முடியாததால நின்னுபோயிருக்கலாம்."

இருந்திருக்கலாமா, இருந்ததா என்று மெர்சி கேட்டாள். அது யாருக்கும் தெரியாதும்மா என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா அடுத்த கோழியைக் கையில் வாங்கினாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மெர்சிக்கு மண்டை காய்ந்தது. கால் அப்படி இருந்ததால்தான் வர முடியவில்லை என்றால், தொடாமல் விட்டிருந்தால் அது செத்திருக்கும். தொட்டதால் கால் அப்படி ஆனது என்றால், விட்டிருந்தால் நன்றாக நடந்திருக்கும். எது முன்னால், எது பின்னால்? அவள் நினைக்க நினைக்க ரெண்டும் மாறி மாறிச் சரியென்று பட்டது. தெரிந்தது ஒன்றுதான். தெரியாத விஷயத்துக்கு அவள் ஒரு மனுஷனை ஊர் முழுக்கக் குற்றவாளியாக்கி வைத்திருந்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சு முடிந்து வந்து ரெண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். குஞ்சு தட்டைச் சுற்றி எம்பி வந்து சோற்றுப் பருக்கையைக் கொத்தியது. மெர்சி சோற்றைப் பிசைந்துகொண்டேயிருந்தாள்.

"சாம், நானும் எடுத்தேன்பா," என்றாள். "மொத நாளு சாயங்காலம். ரெண்டு துண்டு. கையோட வந்துட்ச்சி. உன்னாண்ட சொல்லல."

அவன் அவளையே பார்த்தான். கோபப்படுவான் என்று அவள் காத்திருந்தாள். அவன் முகத்தில் வந்தது கோபம் இல்லை, குழப்பம்.

"அப்போ நைட்டு நான் வந்து பாக்கசொல்ல பெருசா இருந்துச்சே, அது நீயா? நான் அதுவா ஒடச்சிகினு வருதுன்னு நினைச்சேன். நல்லா வருதே, நாமளும் ஒரு கை குடுக்கலாம்னுதான் பாதி வட்டத்துக்கு எடுத்துவுட்டேன்."

மெர்சியின் கை பிசைவதை நிறுத்தியது. வியாழக்கிழமை சாயங்காலம் அவள் பார்த்து மகிழ்ந்த வேர்க்கடலை அளவு பொத்தல் அவன் எடுத்தது. அதைக் குஞ்சு செய்ததாக நினைத்துத்தான் அவள் நிம்மதியாக இருந்தாள். ராத்திரி அவன் பார்த்தது அவள் எடுத்தது. காலையில் அவள் கண் கலங்கி நின்றது அவன் எடுத்ததற்கு. கம்பெனியில் ஒரு ஷிப்டு முடிந்து அடுத்த ஷிப்டு ஏறும்போது, என்ன செய்தோம், எங்கே விட்டோம் என்று நின்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். வீட்டில் அந்த வழக்கம் இல்லை. ரெண்டு பேரும் மாற்றி மாற்றி ஒருவர் வேலையை ஒருவர் குஞ்சின் கணக்கில் எழுதியிருக்கிறார்கள்.

"அந்த மொத பொத்தலுக்கு அப்பறம் அது ஒண்ணுமே ஒடைக்கல," என்றாள் மெர்சி மெதுவாக. "எல்லாம் நாமதான். ரெண்டு பேரும் சொன்ன சொல்லுக்கு நின்னிருந்தா அது உள்ளயே போயிருக்கும்." குஞ்சுக்கு ஒரு பருக்கையைத் தள்ளிவிட்டு, "இல்ல, அந்த டாக்டரம்மா தெரியாதுன்னாங்க. எனக்குத் தெரியல சாம். அப்போ ரெண்டு நாளு அது உள்ள இன்னாதான் பண்ணிகினு இருந்துச்சி?"

சாம்சன் யோசித்தான். கை முந்துகிற மனுஷன், இந்தத் தடவை நிஜமாகவே யோசித்தான்.

"கத்திச்சி," என்றான். "நீ இருக்கசொல்ல உன்னாண்ட, நான் இருக்கசொல்ல என்னாண்ட. அத வுட்டா அதால இன்னா முடியும்?"

மெர்சிக்கு அழுகை வந்துவிட்டது. அவன் சாப்பிடுகிற கையை அப்படியே விட்டுவிட்டு, இடது கையால் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.